நட வாரீர்

தொழுவங்குடி வடக்கு வாய்க்காலில் அந்த வருஷம் இடுப்பளவு ஓடிய தண்ணீர்மேல் சத்தியம்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. குறைத்துச் சொன்னது உண்டு. முழுவதையும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், நம்பும் அளவுக்கு மட்டும் சொல்லப்படுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஒரத்தநாட்டில் பஸ் ஏறி, கிழக்கே ஏழு மைல் வந்து, வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கேட்கும்போது கோவிந்தராசு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அவர் கூட்டிச் சொல்லிவிடுவார்.

கோவிந்தராசு பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு முப்பது வருஷம் மோட்டார் போட்டு ஓய்வு பெற்றவர். காலையில் சுவிட்சைத் தட்டுவார். தொட்டி நிறையும்வரை உட்கார்ந்திருப்பார். நிறைந்ததும் மறுபடியும் தட்டுவார். முப்பது வருஷத்தில் அவர் உடம்பில் ஒழுங்காக உழைத்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரல் இன்றைக்கும் கருங்கல் மாதிரி இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்க அக்கம்பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற பாகங்களைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கவிப்ரியாவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

"ஐயா, சர்க்கரை முன்னூத்தி இருபது இருக்கு. தினம் ஒரு மணி நேரம் நடக்கணும்."

"எங்கம்மா நடக்குறது?"

"எங்க வேணா நடங்க."

"போற எடத்துல ஒரு வேலை இருந்தாத்தானே நடக்குறதுக்கு? சும்மா போயிட்டுச் சும்மா திரும்பி வர்றதுக்கு நான் என்ன டவுன் பஸ்ஸா?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நர்சு சிரித்தார். வெளியே மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. கோவிந்தராசு அதைச் சொன்னதே அவளுக்காகத்தான்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் கண்ணாத்தாள் மூன்று தடவை சிரித்திருக்கிறாள். முதல் தடவை, தாலி கட்டும் நேரத்தில் நாயனக்காரர் தும்மியபோது. இரண்டாம் தடவை, ஓர் ஆடு ஊர் வாக்காளர் பட்டியலைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபோது. மூன்றாம் தடவை, டி.வி. நாடகத்தில் வில்லி வழுக்கி விழுந்தபோது. மூன்றிலும் கோவிந்தராசுவுக்குப் பங்கில்லை. அவர் பேச்சுக்கு ஊரே சிரித்திருக்கிறது. ஒரு சாவு வீட்டில் செத்தவரே வாயை மூடிக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. கண்ணாத்தாளிடம் மட்டும் பலிக்கவில்லை. "ம்" என்பாள். மனசு நன்றாக இருக்கும் நாளில் "சரி" என்பாள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, தன்னால், இவள் சிரித்துவிட வேண்டும். குலதெய்வத்திடம் கோவிந்தராசு வைத்திருந்த மனு அது ஒன்றுதான். வீடு, பட்டா, பென்ஷன் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

டாக்டரம்மா சொன்னதைக் கோவிந்தராசு காதில் வாங்கவில்லை. கண்ணாத்தாள் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு முட்டி வலி. மறுநாளே காலை ஆறு மணிக்கு வாய்க்கால் அக்கரையில் நடக்கும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள்.

நாலாம் நாள். கோவிந்தராசு இக்கரையில் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அக்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ வெண்கலச் சொம்பைப் படித்துறையில் உருட்டிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். அப்புறம்தான் புரிந்தது. அது கண்ணாத்தாள் சிரிப்பு. நாலாவது சிரிப்பு.

கூட்டத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூவோடு ஜெக்கரியா முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பது சும்மா ஒரு வழக்குச் சொல் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தராசு மடியில் அன்று காலையும் வழக்கம்போல ஒரு பிடி பச்சை வேர்க்கடலை முடிந்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது அது வறுத்த கடலையாக இருந்தது. உப்புதான் இல்லை.

ஜெக்கரியா யாரோ எவரோ அல்ல. ஐந்தாம் வகுப்பு வரை கோவிந்தராசுவோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவர். இருபத்தாறு வருஷம் துபாயில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வந்த இடத்தில் தன் மனைவி ரஹ்மத் பீவியின் இரத்த அழுத்தத்துக்காக நடக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். நடப்பது அலுக்காமல் இருக்க அவர் தினம் ஒரு கூத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை கொக்கு நடை, செவ்வாய்க்கிழமை வாத்து நடை, புதன்கிழமை தாசில்தார் நடை. வழியில் மீன்கொத்தி கண்ணில் பட்டால் முதலில் பார்த்தவர் கை தட்ட வேண்டும், மற்றவர்கள் இருபது அடி ஓட வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு பேரீச்சம்பழம். சர்க்கரை உள்ளவர் ஜெயித்தால் பாதி.

அன்று சாயங்காலம் கோவிந்தராசு மெதுவாகத் தொடங்கினார்.

"காலையில அக்கரையில என்னமோ சத்தம் கேட்டுச்சே?"

"பாய் அண்ணன் ஒண்ணு சொன்னாரு," என்றாள் கண்ணாத்தாள்.

"என்ன சொன்னாராம்?"

"முன்னாடி நடந்தா உடம்புல உள்ள கொழுப்பு நம்ம பின்னாடியே வந்துடுமாம். பின்னாடி நடந்தா அதுக்கு வழி தெரியாம வழியிலயே எறங்கிக்குமாம்."

"இதுக்கா சிரிச்சே?"

"அவரு சொல்றப்ப நல்லா இருந்துச்சு."

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு கோவிந்தராசு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் அதே பேச்சை, ஜெக்கரியாவைவிட நன்றாக, கையைக் காலை ஆட்டி, கொழுப்பு மாதிரி நடித்தே காட்டினார். கண்ணாத்தாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ம்," என்றாள்.

பகைவன் கோட்டைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று அடுத்த திங்கட்கிழமை கோவிந்தராசுவும் அக்கரைக்குப் போனார்.

"வாய்யா வா! இப்பத்தான் கூட்டம் களை கட்டுது," என்று ஜெக்கரியா கட்டிப்பிடித்தார். பகைவன் இப்படி நடந்துகொண்டால் பொறாமைப்படுகிறவன் பாடு எவ்வளவு கஷ்டம்! துபாயிலிருந்து மகன் நௌஷாத் அனுப்பியிருந்த கைக்கடிகாரம் இரண்டு. ஒன்று ஜெக்கரியா கையில். இன்னொன்றைப் புதிதாகச் சேர்கிறவருக்கு ஒரு வாரம் இரவல் தருவது வழக்கம். எத்தனை அடி நடந்தோம் என்று அது எண்ணிக்கொண்டே வரும். பத்தாயிரம் ஆனால் ஏதோ கொண்டாடுமாம். கண்ணாத்தாள் மூன்றாம் நாளே பத்தாயிரம் தாண்டியவள். அதையே இப்போது கோவிந்தராசுவின் இடது கையில் கட்டினார்கள்.

ஒரு மணி நேரம் நடந்து முடித்ததும் ஜெக்கரியா அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கோவிந்தராசு, நீ எங்ககூடத்தானே வந்தே?"

"பின்னே?"

"எரநூத்திப் பன்னெண்டு அடி நடந்திருக்கே. மிச்ச நேரம் ஆழ்ந்த உறக்கம்னு சொல்லுது."

நடந்தது இதுதான். கோவிந்தராசு வேட்டி கட்டினால் இடது கையால் அதன் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அப்பாவும் அப்படி, தாத்தாவும் அப்படி. ஒரு மணி நேரமும் அந்தக் கை இடுப்பை விட்டு அசையவில்லை. கை ஆடினால்தான் அடியை எண்ணத் தெரிந்த கடிகாரம், இந்த ஆள் படுத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டது.

பதினேழு பேர் சிரித்தார்கள். கண்ணாத்தாள் சிரிக்கவில்லை. "போனாப் போவுது விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள், பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளையிடம் சொல்வது மாதிரி. அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று அவர் உட்கார்ந்து எழுந்த மதகுக் கல்லில் இன்றைக்கும் ஒரு கருகல் அடையாளம் இருக்கிறது.

அப்புறம் அக்கரைக்குப் போகவில்லை. போட்டியாக இக்கரையில் தானே ஒரு நடைக் கூட்டம் சேர்ப்பது என்று முடிவு செய்தார். பதினோரு வேடிக்கைப் பேச்சுகளை மனப்பாடம் செய்துகொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனை எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு எழுதினார். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் இரண்டும் கலந்த நடை. "நாளைக் காலை ஆறு மணிக்கு என் வயல் பக்கம் நடக்க வாரீர்! அனைவரும் வாரீர்!"

எழுத நினைத்தது அது. ஆனால் எழுதியது அந்த ஆள்காட்டி விரல். சுவிட்சைத் தட்டிப் பழகிய விரல், போனை மெதுவாகத் தொடத் தெரியாது. 'நட' வரை ஒழுங்காகப் போயிற்று. 'க்க' மேல் விழுந்த குத்தில் போன் ஒரு கணம் மூச்சு நின்று, அந்த எழுத்தை விழுங்கிவிட்டு மேலே போய்விட்டது. குழுவில் போய் நின்றது இது:

"நாளைக் காலை ஆறு மணிக்கு என் வயல் பக்கம் நட வாரீர்! அனைவரும் வாரீர்!"

சித்திரை மாதமாக இருந்தால் எழுத்துப் பிழை என்று விட்டிருப்பார்கள். அது புரட்டாசி. புரட்டாசியில் தஞ்சாவூர்ச் சீமையில் 'நட' என்றால் நாற்று நடுவதுதான்; காலைப் பற்றி எவனும் நினைக்க மாட்டான். போதாததற்குக் கோவிந்தராசுவின் நாலு மா நிலம் உழுது, சேறாக்கி, தண்ணீர் கட்டி, நட ஆள் கிடைக்காமல் பத்து நாளாகக் கிடந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கே அது தெரியும். ஜெக்கரியாவின் பதினெட்டுப் பேருக்கு மட்டும் கோவிந்தராசுவின் உள்விவகாரம் தெரிந்திருந்ததால், 'நடக்க' என்று திருத்திப் படித்துக்கொண்டார்கள்.

காலையில் பதினோரு வேடிக்கைப் பேச்சோடு கோவிந்தராசு வரப்பில் வந்து நின்றார். வடக்கிலிருந்து வெள்ளை ஷூ போட்ட பதினெட்டுப் பேர் வந்தார்கள், கண்ணாத்தாள் உட்பட. தெற்கிலிருந்து சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிய நாற்பது பெண்கள் வந்தார்கள். முன்னால் நடவு ஆட்களின் கொத்துக்குத் தலைவி ஈஸ்வரி. அந்த அழைப்பு கைமாறிக் கைமாறிச் சீர்காழி வரை போய், அங்கிருந்தும் ஒரு வேன் வந்திருந்தது.

"ஈஸ்வரி, மூணு தடவ கூப்பிட்டேன். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னே. இப்ப நீ எப்படி?" என்றார் கோவிந்தராசு.

"இருவத்தஞ்சு வருசமா நடவுக்குப் போறேன் மாமா. 'ஏய் வாங்கடி'ன்னுதான் கூப்பிடுவாங்க. 'வாரீர்'னு எங்கள யாரு கூப்பிட்டா? படிச்சதும் கண்ணு கலங்கிப் போச்சு. அதான் நாப்பது பேரும் வந்துட்டோம். நாத்து எங்க?"

"கோவிந்தராசு, நடை எங்க? எந்தப் பக்கம் போறோம்?" என்று இந்தப் பக்கமிருந்து ஜெக்கரியா கேட்டார்.

கோவிந்தராசு போனை எடுத்துப் பார்த்தார். 'க்க' இல்லை. கண்ணாத்தாளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழை என்று ஒப்புக்கொண்டால், அதை வைத்து ஜெக்கரியா ஒன்று சொல்வான். அவள் சிரிப்பாள். ஐந்தாவது சிரிப்பும் அவன் கணக்கில் போய்விடும்.

"ரெண்டுந்தான்," என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "புதுப் பயிற்சி. நடந்துகிட்டே நடுறது. நட்டுகிட்டே நடக்குறது. சும்மா போயிட்டுச் சும்மா வர்ற சோலியே கிடையாது."

ஜெக்கரியா வரப்பில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, கயிற்றைச் சேர்த்து முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவர் இறங்கியதும் பதினேழு பேரும் இறங்கினார்கள். ஈஸ்வரி பாதிப் பேரை நாற்றுப் பறிக்க அனுப்பி, மீதிப் பேரை வரிசையாக நிறுத்தினாள். பெண்கள் குலவை இட்டார்கள். நடவு தொடங்கியது.

கோவிந்தராசு ஒன்றை மறந்துவிட்டார். நடவு என்பது பின்னோக்கி நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. பின்னோக்கி நடப்பதில் தொழுவங்குடியிலேயே தேர்ந்தவர் ஜெக்கரியா. அரை மணி நேரத்தில் ஈஸ்வரிக்குச் சமமாக வரிசை பிடித்துவிட்டார். "பாய்க்குக் கை நல்லா ஓடுதே! துபாயில நெல்லு வெளையுதா?" என்று ஈஸ்வரி கேட்க, "வெளையுறதில்லம்மா, நட்டாலே சோறாயிடும், அவ்வளவு வெயிலு," என்றார் அவர். கண்ணாத்தாள் தோள் குலுங்கியது. சொந்த வயலில், சொந்த நாற்றில், சொந்த மனைவி அடுத்தவன் பேச்சுக்குக் குலுங்குகிறாள். கோவிந்தராசு நின்ற இடத்தில் வரப்புப் புல் மஞ்சளாயிற்று.

"மாமா! வரப்புல நிக்கிறதுக்குக் கொக்கு இருக்கு. நீங்க முடிய எடுத்துட்டு வாங்க," என்று ஈஸ்வரி விரட்டினாள்.

முடி என்பது கட்டிய நாற்றுக் கட்டு. நாற்றங்காலிலிருந்து அதைச் சுமந்து வந்து, நடுகிறவர்கள் பக்கத்தில் வீச வேண்டும். கோவிந்தராசு முனகிக்கொண்டே கையில் இரண்டு, தோளில் நாலு என்று தூக்கிவந்தார். அவர் வந்த நேரம் ஜெக்கரியா நிமிர்ந்து, "தங்கச்சி, துபாயில ஒரு தடவ என்ன ஆச்சுன்னா..." என்று தொடங்கினார்.

கோவிந்தராசு கையிலிருந்த முடியை வீசினார். அது ஜெக்கரியா முன்னால் தொப்பென்று விழுந்தது. சேறு வாயிலிருந்து காது வரை தெறித்தது. ஜெக்கரியா துப்பித் துடைப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது, கதை போய்விட்டது.

கோவிந்தராசு இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, எதற்காக நடக்க வேண்டும் என்பதற்கு, அந்தக் கணத்தில் பதில் கிடைத்துவிட்டது. ஓடினார். முடியைத் தூக்கினார். ஓடிவந்தார். "துபாயில ஒரு ஒட்டகம்..." தொப். ஓடினார். "எங்க முதலாளி ஒரு நாளு..." தொப். வேட்டி நுனியைப் பிடிக்கக் கையில்லை. தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடினார். ஜெக்கரியா வாய் திறக்கும் முன்னால் அவர் உதடு விரிவதை நூறு கஜத்துக்கு அப்பால் நாற்றங்காலிலிருந்தே கண்டுபிடிக்கும் பார்வை வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குள் அறுபத்தொரு கதை சேற்றில் போயிற்று. மனப்பாடம் செய்துவைத்த பதினோரு வேடிக்கைப் பேச்சும் அவருக்கே நினைவில்லை. மூச்சு விட நேரமில்லாதவனுக்குப் பேச்சு எங்கே வரும்?

"பொறாமைக்கு இவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் கல்ஃபுக்கே போயிருக்க மாட்டேன்," என்று ரஹ்மத் பீவி காதில் ஜெக்கரியா முணுமுணுத்தார். அதையும் முடிக்கவிடவில்லை. தொப்.

ஒன்பதே காலுக்கு, இரண்டு கையிலும் முடியோடு கண்ணாத்தாள் பக்கத்தில் கோவிந்தராசு சேற்றில் கால் வைத்த நேரம், இடது மணிக்கட்டு சுரீரென்று துடித்தது. நின்றது. மறுபடியும் துடித்தது.

இரவல் கடிகாரம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கோபத்தில் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அது அவருக்கு நினைவிருந்தால்தானே? முப்பது வருஷம் மோட்டார் போட்டவர். ஈரத்தில் நிற்கும்போது கையில் சுரீரென்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"கரண்டு!" என்று அலறினார். "மோட்டார் லைனு அறுந்து தண்ணியில கெடக்கு! ஏறுங்க, எல்லாரும் வரப்புல ஏறுங்க!"

சேற்றில் நின்றவர்கள் ஒரே தாவில் வரப்பில் ஏறினார்கள். கோவிந்தராசு ஏறவில்லை. கரண்டு கையைப் பிடித்துவிட்டதாக அவர் நினைப்பு. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இடது கையை உடம்பிலிருந்து தள்ளி, பாம்பைப் பிடித்தவன் மாதிரி நீட்டி நின்றார். கை துடிக்கும்போதெல்லாம் அவரும் துள்ளினார். "கிட்ட வராத கண்ணாத்தா! எனக்கு ஆனது ஆவட்டும்! நீ ஏறிக்க!"

கண்ணாத்தாளும் ஏறவில்லை. சேற்றில் நடந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். கடிகாரத்தின் குட்டித் திரையில் வாணவெடி வெடித்துக்கொண்டிருந்தது. பொம்மை மனிதன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க," என்றாள். "இது கரண்டு இல்ல. பத்தாயிரம்."

பொம்மையைப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் பொம்மையைப் பார்த்தாள்.

முதலில் ஒரு சொம்புதான் உருண்டது. அப்புறம் பாத்திரக் கடையே உருண்டது. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியில் ஏழு மைலுக்கு அப்பால் மாடுகள் காதை விறைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தனவாம்.

"எதுக்குடி சிரிக்கிறே?" என்றார் கோவிந்தராசு, இன்னும் ஒற்றைக் காலில். "நான் ஒண்ணும் வேடிக்கையாச் சொல்லலையே?"

"சொல்லாம இருந்தீங்களே, அதான்!" என்றாள் மூச்சு வாங்க. "முப்பத்தாறு வருசத்துல இன்னிக்குத்தான் சொல்லாம இருந்தீங்க!"

சிரிப்பு வரப்புக்குத் தாவியது. ஐம்பத்தேழு பேரும், சீர்காழி வேன்காரர்கள் வேறு, சிரித்துக்கொண்டே மறுபடியும் சேற்றில் இறங்கினார்கள். நடவு தெரிந்தவர்களுக்குத் தெரியும்: குனிந்த நிலையில் சிரிப்பு வந்துவிட்டால் நிமிரவும் முடியாது, நிற்கவும் முடியாது. கை நட்டுக்கொண்டே இருக்கும், கால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் முகம் வந்த வழியைப் பார்த்து இருந்ததால், போகிற வழியை யாரும் பார்க்கவில்லை. கோவிந்தராசுவின் நாலு மா முடிந்தது. பக்கத்து வயல் முடிந்தது. பக்கத்து ஊர் முடிந்தது. வழியில் இருந்த இரண்டு தாலுகாக்காரர்கள் வரப்பில் நின்று மோர் கொடுத்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு நாற்று எப்படிப் போதும் என்று கேட்கலாம். போதவில்லை. கடைசி இருபது மைல் வெறுங்கையால்தான் நட்டார்கள்.

குதிகாலில் உப்புத் தண்ணீர் பட்டதும்தான் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தரங்கம்பாடி. ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் கடல். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "யாத்தே, கடல்லயும் நடவா?" என்று கேட்டார்.

மணல் மேட்டில் உட்கார்ந்து எல்லாரும் இளைப்பாறினார்கள். ரஹ்மத் பீவிதான் ஆரம்பித்தார்.

"கோவிந்தராசண்ணே, அந்தக் கரண்டு அடிச்சதை இன்னொரு தடவ காட்டுங்களேன்."

கோவிந்தராசு எழுந்து ஒற்றைக் காலில் நின்றார். ரஹ்மத் பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் ஒரே தடவண்ணே!" என்றார். அது முடிந்ததும், "அந்தக் கைய நீட்டுனது மட்டும் தனியா!" என்றார்.

"அப்படி என்ன அதுல சிரிப்பு?" என்றார் ஜெக்கரியா.

"நீங்களுந்தான் முப்பத்தெட்டு வருசமா சொல்றீங்க. ஒரு நாளாச்சும் இப்படிக் குதிச்சிருக்கீங்களா?"

ஜெக்கரியா எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் கைவிட்டுப் பேரீச்சம்பழங்களை எடுத்தார். அத்தனையும் கருகிக் கரியாக இருந்தன. கோவிந்தராசு அதைப் பார்த்தார். மடியை அவிழ்த்துத் தன் வேர்க்கடலையைப் பார்த்தார். காலையில் வறுபட்டது மறுபடியும் பச்சையாக, ஈரத்தோடு இருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் வறுத்துத் தர்றியா பாய்? மடியில ஒரு நிமிசம் வச்சிரு போதும்," என்றார்.

சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கண்ணாத்தாள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்றீங்களா? பாய் அண்ணன் உங்கள இனிமே கடைசியில வரச் சொல்லிட்டாரு."

"ஏனாம்?"

"முன்னாடி நடந்தா ரஹ்மத் அக்கா உங்களையே பாத்துச் சிரிக்கிறாங்களாம். அவருக்கு வயிறு எரியுதாம்."

"கடைசியில நடந்தா?"

"நான் திரும்பிப் பாக்கணும்."

"நீயும் பாய் மாதிரி பின்னாடி நடந்தாத் திரும்ப வேண்டாமே," என்றார் கோவிந்தராசு.

கண்ணாத்தாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி," என்றாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வருஷம் தலைமதகு கட்டும் வேலை நடந்ததால், வடக்கு வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. தொழுவங்குடியில் ஒரு மா நிலம்கூட நடவாகவில்லை.